ஒரு ரப்லெற், மூன்று மிடிப் பெட்டி: எது பிழைத்தால் எங்கே பார்ப்பது

ஒரு கீபோர்ட்டை மட்டும் ரப்லெற்றில் செருகி வாசித்த காலத்தில் எனக்கு மிடியைப் பற்றி, அதாவது வாத்தியப் பெட்டிகள் செயலியோடு கதைக்கும் பேச்சைப் பற்றி, ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் வரவில்லை. செருகினால் சத்தம் வந்தது. பிறகு கோயில் திருவிழா நிகழ்ச்சிகளுக்கென்று ட்ரம் பாட் (தட்டி ட்ரம் வாசிக்கும் பெட்டி) ஒன்று சேர்த்தோம், அதற்குப் பிறகு ஃபேடர் பெட்டி (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் இழுக்கும் பிடிகள் உள்ளது) ஒன்று. தலையிடி அன்றைக்குத்தான் தொடங்கியது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அநேகமான இசைச் செயலிகள் யார் சொன்னாலும் கேட்பேன் என்று காதைத் திறந்து வைத்திருக்கும். கதைக்கிறவர் ஒருவர் என்றால் அது வசதி. மூன்று பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் சந்தை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தத் திறந்த காதால் வருபவை. மிச்சத்தில் பெரும்பங்கு கரண்ட் பிரச்சினை. பெட்டி உண்மையில் பழுதாகி நின்றதை நான் பார்த்தது மிகக் குறைவு.

மிடி 1983 இல் வந்த ஏற்பாடு. ஒரு கம்பியில் 16 சனல், அதாவது சேதி தனித்தனியாகப் போக 16 பாதை. அநேகமாக எல்லா மதிப்பும் 0 இலிருந்து 127 வரை. யூஎஸ்பியில் போனாலும் புளூடூத்தில் போனாலும் இன்றைக்கும் நாம் பாவிப்பது பெரும்பாலும் அதே பேச்சைத்தான். அதற்குள் சத்தம் கிடையாது. இந்தக் கட்டையை இவ்வளவு பலமாக அழுத்தினார், இப்போது விட்டார் என்ற சேதி மட்டுமே போகிறது. சத்தம் செயலிக்குள் பிறக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தேடும் நேரம் பாதியாகிவிடும்.

எந்தக் கோளாறு என்றாலும் முதல் வேலை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுவது. கீபோர்ட் மட்டும் போட்டு ஒரு நிமிடம் வாசியுங்கள். சரியென்றால் பாட். அதுவும் சரியென்றால் ஃபேடர். எந்தப் பெட்டி வந்ததும் குழம்புகிறதோ அங்கேதான் விசயம். வரும் சேதியை எண்ணாகக் காட்டும் மிடி மொனிற்றர் வகைச் செயலி ஒன்றையும் இறக்கி வைத்திருங்கள். ஐபேட்டுக்கு மிடி ரெஞ்ச் போல இலவசமாகவே கிடைக்கும். டொக்டரின் தெதஸ்கோப் மாதிரி அது.

“செருகினன், பெட்டியில லைற்றே எரியேல்லை”

முதலில் ஐபேட்டின் வாயைப் பாருங்கள். 2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட்வரை சாதாரண மொடல்களுக்கு லைட்னிங் வாய். 2022 இன் பத்தாம் தலைமுறையிலிருந்து யூஎஸ்பி-சி. வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்து தரும் ஐபேட்டுகளில் லைட்னிங் இன்னும் நிறையப் புழங்குகிறது. லைட்னிங் வாயால் வெளியே வரும் கரண்ட் மிகக் கொஞ்சம். சின்னக் கீபோர்ட் ஒன்றுக்குப் போதும். லைற் மினுங்கும் பாட் ஒன்றைச் சேர்த்தவுடன், இதற்குக் கரண்ட் கூடத் தேவை என்று திரையில் எழுதிவிட்டு ஐபேட் கைவிரித்துவிடும்.

மருந்து இரண்டு பொருள். ஒன்று, பக்கத்தில் சார்ஜ் துளையுள்ள லைட்னிங் கமரா அடாப்டர். மற்றது, தனக்கென்று அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். கரண்டே இல்லாத மலிவு ஹப் நான்கு துளை தரும். நான்கு பெட்டிக்குக் கரண்ட் தராது. செருகும் ஒழுங்கும் முக்கியம். முதலில் ஹப்புக்குக் கரண்ட், பிறகு ஐபேட், கடைசியாகப் பெட்டிகள். பாட் பெட்டியின் லைற் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துவிடுங்கள்.

லைற் எரிகிறது, ஆனால் செயலியில் பெயர் வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். பஸ் நிலையத்தடிக் கடைகளில் தொங்கும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றுக்குள் சார்ஜ் ஏற்றும் இரண்டு கம்பி மட்டும்தான் ஓடும். சேதி போகும் கம்பி இல்லை. நான் ஒருமுறை இதற்காக ஒரு முழுப் பின்னேரத்தைக் கொடுத்தேன். இப்போது நல்ல கேபிளுக்குச் சிவப்பு ரேப் சுற்றி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் அதில் போன் சார்ஜ் போடக்கூடாது.

அன்ட்ரொய்ட் ரப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2015 இல் வந்த அன்ட்ரொய்ட் 6 இலிருந்து மிடி உள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பியை ‘மிடி’ என்று மாற்றச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துக் குழம்பவேண்டாம். அது ரப்பைக் கொம்பியூட்டரில் செருகும்போது வேண்டியது. நீங்கள் கீபோர்ட்டை ரப்பில் செருகுகிறீர்கள். ரப்பில் ஓடிஜி (வேறு பெட்டிகளை ரப்பில் செருகிப் பாவிக்கும் வசதி) வேலை செய்தால் போதும்.

“நடுவில எல்லாம் ஒரேயடியாச் செத்துப் போச்சுது”

வெளிமேடையில் ஜெனரேற்றரில் வாசிக்கும்போது வரும் வியாதி இது. பேஸ் ஸ்பீக்கர் ஓங்கி அடிக்கும் கணத்தில் ட்யூப் லைற் மங்கி எழும்பும், பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு கணத்தில் ஹப் அணைந்து எழும்புகிறது. மூன்று பெட்டியும் மறைந்து மறுபடி வருகின்றன. லைற் எல்லாம் எரியும். ஆனால் செயலி பழைய இணைப்பை விட்டுவிட்டிருக்கும். பாட்டு நடுவில் நிற்க, பாடகர் திரும்பி எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எத்தனை வருடம் போனாலும் மறக்க முடியாது.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது, செயலியை முழுதாக மூடித் திறப்பது. வெறுமனே பின்னுக்குத் தள்ளினால் போதாது. சேமித்து வைத்த அமைப்பு (செஷன்) திரும்ப ஏறும்போது பெட்டிகளும் அநேகமாகத் திரும்பக் கோத்துக்கொள்ளும்.

நிரந்தர வழி, ஹப்பை ஜெனரேற்றர் வயரிலிருந்து பிரித்து பவர் பாங்கில் விடுவது. இதில் இரண்டு பொறி இருக்கிறது. கரண்ட் மிகக் கொஞ்சமாக இழுத்தால், போன் நிறைந்துவிட்டது போல என்று நினைத்துச் சில பவர் பாங்குகள் தாமாக அணைந்துவிடும். ஒரு பெட்டி மட்டும் செருகி ஒத்திகை பார்க்கும்போது இப்படி நடக்கும். மூன்றையும் செருகினால் நிற்கும். மற்றது, பவர் பாங்குக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே பாவிப்பது. சார்ஜரைச் செருகும் கணத்தில், கழற்றும் கணத்தில் சில பவர் பாங்குகள் வெளிக் கரண்டை ஒரு கண் இமைக்கும் நேரம் நிறுத்தும். மங்கும் ஜெனரேற்றரில் அதைச் செருகிவைத்தால் பழைய கதைதான். வீட்டில் நிறையச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போங்கள், மேடையில் செருகவேண்டாம்.

“பெயர் தெரியுது, சத்தம் இல்லை”

திரையில் உள்ள கீபோர்ட்டை விரலால் தட்டுங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் மிடிக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை, சத்தம் வேறு வழியால் போகிறது. புதிய யமஹா கீபோர்ட்டுகள் பலவற்றில் யூஎஸ்பி வழியாகச் சத்தமும் போகும். அப்படியொன்றைச் செருகியவுடன் ஐபேட் தன் சத்தத்தை அந்தக் கீபோர்ட்டின் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். மிக்சருக்குப் போகும் ஹெட்போன் வயர் ஊமையாகிவிடும். ஓடியோ இன்ரர்ஃபேஸ் (சத்தத்தை ஐபேட்டிலிருந்து வெளியே எடுக்கும் பெட்டி) ஒன்றும் கூடவே ஹப்பில் இருந்தால், கடைசியாகச் செருகியது வெல்லும். ஆகவே இன்ரர்ஃபேஸைக் கடைசியில் செருகுங்கள்.

விரலால் தட்டினால் கேட்கிறது, கட்டையை அழுத்தினால் இல்லை என்றால் சேதி வந்து சேரவில்லை. செயலியின் மிடி அமைப்பில் அந்தப் பெட்டியின் பெயருக்கு நேரே சரி போட்டிருக்கிறதா, செயலி எந்தச் சனலைக் கேட்கிறது, பெட்டி எந்தச் சனலில் அனுப்புகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்று பிழைத்திருக்கும்.

இனி, தட்டினாலும் கேட்கவில்லை, சத்தத்தின் வழியும் சரி என்றால் ஃபேடர் பெட்டியைப் பாருங்கள். இது எனக்குப் பிடித்த கோளாறு. கோர்க் நனோகொன்ரோல் 2 இன் எட்டு ஃபேடரும், யாரும் மாற்றாவிட்டால், 0 இலிருந்து 7 வரையான கொன்ரோல் எண்களை அனுப்பும். மிடியில் 7 ஆம் எண் என்பது சத்தத்தின் அளவு. ஃபேடர் பெட்டியும் கீபோர்ட்டும் ஒரே சனலில் இருந்தால், எட்டாவது ஃபேடரை யாரோ கீழே இழுத்துவிட, உங்கள் பியானோ ஊமையாகிவிடும். இரண்டாவது ஃபேடரின் எண் 1, அதாவது மொடுலேஷன். அதைத் தட்டினால் புல்லாங்குழல் காரணமில்லாமல் நடுங்கும். முதல் வரிசையின் ஆர் பொத்தானின் எண் 64, சஸ்ரெய்ன் பெடல். அதை அழுத்தினால் கால் வைக்காமலே எல்லாச் சுரமும் இழுபடும். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தனிச் சனலுக்கு, 16 க்கு என்று வைப்போமே, மாற்றி, வாத்தியச் செயலி அந்தச் சனலைக் கேட்காமல் வைத்தால் மூன்றும் ஒன்றாகத் தீரும்.

“கட்டையை அழுத்தினா ட்ரம்மும் சேர்ந்து அடிக்குது”

இரண்டாவது பெட்டி வாங்கிய எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். திறந்த காது என்று சொன்னேனே, அதுதான். கீபோர்ட்டும் பாட் பெட்டியும் கடையிலிருந்து வரும்போது இரண்டும் 1 ஆம் சனலில் இருக்கலாம். பியானோச் செயலியும் ட்ரம் செயலியும் எல்லாச் சனலையும் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் இரண்டையும் வாசிக்கும்.

கராஜ்பாண்டில் இதைத் தீர்க்கப் பார்த்து நேரத்தைச் செலவழிக்கவேண்டாம். எத்தனை பெட்டி செருகினாலும், தெரிவுசெய்த ட்ராக் ஒன்றைத்தான் அவை எல்லாம் சேர்ந்து வாசிக்கும். அது ஒருவர் இருந்து பாட்டுப் பதியச் செய்த செயலி. அந்த வேலைக்கு அருமையானது. மேடைக்கு ஏயூஎம் போன்ற ஹோஸ்ட் செயலி, அதாவது மற்ற வாத்தியச் செயலிகளைத் தனக்குள் ஏற்றி ஓட்டும் செயலி, வேண்டும். அதில் ஒரு பக்கம் பெட்டிகளின் பெயரும் மறுபக்கம் வாத்தியங்களின் பெயரும் இருக்கும். எது எதோடு கதைக்கலாம் என்று நீங்களே கட்டம் கட்டமாகத் தொட்டுக் கோக்கலாம். கீபோர்ட்டைப் பியானோவோடு, பாட் பெட்டியை ட்ரம்மோடு, அவ்வளவுதான். மற்றக் கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.

பெட்டியின் பெயரால் பிரிப்பது முதல் வழி, சனலால் பிரிப்பது இரண்டாவது. நான் இரண்டையும் செய்வேன். கீபோர்ட் 1, பாட் 10, ஃபேடர் 16. ஒரு செயலி காதைத் திறந்து வைத்திருந்தாலும் மற்ற வழி காப்பாற்றும். ஒரே மொடல் பெட்டி இரண்டு வைத்திருப்பவருக்குச் சனலால் பிரிப்பது வேறு தெரிவில்லாத விசயம். இரண்டுக்கும் ஒரே பெயர்தான் தெரியும், எது முதலாவது எது இரண்டாவது என்பது செருகும் ஒழுங்கில் மாறலாம். சனல் மாறாது. சனலை மாற்றும் மென்பொருள் சில பெட்டிகளுக்குக் கொம்பியூட்டரில் மட்டும் ஓடும், ஆகவே மேடைக்குப் போகுமுன் வீட்டில் செய்துவிடுங்கள்.

அரேஞ்சர் கீபோர்ட், அதாவது ‘ஸ்ரைல்’ என்ற தானாக ஓடும் தாளமும் பின்னணியும் உள்ள கீபோர்ட், வைத்திருப்பவருக்கு இன்னொரு வகை. குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான், “அண்ணை, ஸ்ரைல் போட்டவுடன ஐபேட்டுக்குள்ளயும் ஒரு ட்ரம் தனியா ஓடுது, ஏன்?” யமஹா பிஎஸ்ஆர்-இ வகையில் வலக்கை வாசிப்பு 1 ஆம் சனலில் போகும், அதோடு சேரும் இரண்டாவது குரல் 2 இல், இடக்கை 3 இல். ஸ்ரைலின் தாளமும் பேஸும் கோட்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) 9 இலிருந்து 16 வரையான சனல்களில் போகும். ஐபேட்டின் ட்ரம் செயலி 10 ஐக் கேட்டுக்கொண்டிருந்ததால் ஸ்ரைலின் தாளத்தை அதுவும் வாசித்தது. கீபோர்ட்டின் ஃபங்ஷன் பட்டியலில் ஸ்ரைல் அவுட் என்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால், ஹோஸ்டில் அந்தக் கீபோர்ட்டின் 1 ஆம் சனலை மட்டும் உள்ளே விடும்படி வடிகட்டி போடுங்கள்.

“ஒரு கட்டைக்கு ரெண்டு சத்தம் கேக்குது”

இரண்டு வகை இருக்கிறது, காதாலேயே பிரிக்கலாம். பியானோவோடு வேறு வாத்தியம் ஒன்று சேர்ந்து கேட்டால், கீபோர்ட் தன் சொந்தச் சத்தத்தையும் வாசிக்கிறது. அதன் அமைப்பில் லோக்கல் கொன்ரோல் என்பதை நிறுத்துங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பப் போடவும் மறக்கவேண்டாம். கீபோர்ட் ஊமையாகிவிட்டது என்று அடுத்தநாள் பயிற்சிக்கு வந்த பெடியன் பதறினான்.

அதே வாத்தியம் இரண்டு தரம் அடித்துக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்டால், ஒரே சேதி இரண்டு வழியால் வருகிறது. கீபோர்ட் யூஎஸ்பியிலும் புளூடூத்திலும் ஒரே நேரத்தில் கோத்திருக்கலாம். அல்லது ஹோஸ்ட் வழியாகவும் நேரடியாகவும் வாத்தியச் செயலி கேட்டுக்கொண்டிருக்கலாம். ஹோஸ்டைப் பாவிக்கிறீர்கள் என்றால் வாத்தியச் செயலிக்குள் உள்ள நேரடி மிடி உள்வாங்கலை மூடிவிடுங்கள். நொவேஷன் லோஞ்ச்கீ போன்ற பெட்டிகள் இரண்டு போர்ட் காட்டும். ஒன்று வாசிக்க, மற்றது இசைத் தயாரிப்பு மென்பொருளோடு கதைக்க. வாசிக்கும் போர்ட்டை மட்டும் கோத்தால் போதும்.

“சுரம் நிக்குதில்லை”

அழுத்தினார் என்ற சேதி வந்தது, விட்டார் என்ற சேதி வரவில்லை. தொங்கி நிற்பது ஸட்ஜம் என்றால் சுருதிப்பெட்டி என்று சமாளிக்கலாம்; எங்களுக்கு ஒருபோதும் ஸட்ஜத்தில் நின்றதில்லை.

உடனடி மருந்து செயலியில் உள்ள பனிக் பொத்தான். எல்லாச் சுரத்தையும் நிறுத்து என்ற 123 ஆம் எண் கட்டளையை அனுப்பும். அது எங்கே இருக்கிறது என்று முதலே பார்த்து வைத்திருங்கள், தொங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. ஏன் தொங்கியது என்றால், பெரும்பாலும் கட்டையை அழுத்திப் பிடித்தபடி ஒக்ரேவ் (ஸ்தாயி) பொத்தானையோ சனலையோ மாற்றியிருப்பீர்கள். சில பெட்டிகள் அப்போது அழுத்தினதை ஒரு எண்ணிலும் விட்டதை இன்னொரு எண்ணிலும் சொல்லும். கையை எடுத்துவிட்டு மாற்றுங்கள். விட்டுவிட்டுத் தொங்கினால் கேபிளின் தலை ஆடுகிறது.

எல்லாச் சுரமும் சேர்ந்து இழுபட்டால் அது பெடல். காலை எடுத்தால் இழுபடுகிறது, வைத்தால் நிற்கிறது என்று தலைகீழாக நடந்தால், பெடலை மிதித்தபடி கீபோர்ட்டை ஓன் பண்ணியிருப்பீர்கள். பல கீபோர்ட்டுகள் ஓன் பண்ணும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையைத்தான் ‘காலை எடுத்த நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். ஓஃப் பண்ணி, காலை எடுத்து, ஓன் பண்ணுங்கள்.

“பாட் பெட்டியில வேற சத்தம் வருது, ஃபேடர் துள்ளுது”

பாட் அனுப்பும் எண்ணை மொனிற்றரில் பாருங்கள். பொது ட்ரம் ஒழுங்கில் 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹற், 46 திறந்தது. சுரப் பெயரை நம்பவேண்டாம். 60 ஆம் எண்ணை யமஹா சி3 என்று எழுதும், வேறு சில நிறுவனங்கள் சி4 என்று எழுதும். பெயரைப் பார்த்து அமைத்தால் ஒரு ஒக்ரேவ் தள்ளி விழும். ஃபேடரைத் தொட்டவுடன் சத்தம் துள்ளினால், திரையில் உள்ள நிலையும் கையில் உள்ள நிலையும் வேறு. பிக்கப் என்ற தெரிவைச் செயலியில் போடுங்கள். கை அந்த இடத்தைக் கடக்கும்வரை அது பேசாமல் இருக்கும்.

“புளூடூத்தில பிந்தி வருது”

புளூடூத் மிடியை ஐபேட்டின் பொது அமைப்புக்குள் போய்ச் சேர்க்கவேண்டாம், இசைச் செயலிக்குள் உள்ள புளூடூத் மிடிப் பட்டியலில் சேர்க்கவேண்டும். பெயரே வரவில்லை என்றால் உங்கள் சொந்தப் போன் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அநேகமான பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும்தான் கதைக்கும். கலியாண மண்டபத்தில் இரண்டு மூன்று பெட்டியைப் புளூடூத்தில் விடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஃபேடர் பெட்டி மட்டும் கம்பியில்லாமல். வாசிக்கும் கட்டையும் பாட் பெட்டியும் கம்பியில்.

பிந்துவதற்கு முக்கியக் காரணம் அநேகமாக மிடி இல்லை, ஸ்பீக்கர். புளூடூத் ஸ்பீக்கரில் நூறு மில்லிசெக்கனுக்கு மேல் பிந்துவது சாதாரணம். அதில் யாரும் வாசிக்க முடியாது. வயர் போடுங்கள். அதற்குப் பிறகும் பிந்தினால் செயலியின் பஃபரை, அதாவது சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவை, குறையுங்கள். 48 கிலோஹேட்ஸில் 512 என்றால் ஏறக்குறைய 11 மில்லிசெக்கன், 256 என்றால் 5 சொச்சம். 128 க்கு இறக்கினால் பழைய ஐபேட்டில் சத்தம் பொரியத் தொடங்கலாம். நான் 256 இல் நிற்கிறேன்.

“சார்ஜரைப் போட்டா உறுமுது”

சார்ஜரைக் கழற்றினால் உறுமல் நின்றால் அது எர்த் வளையம். ஐபேட்டின் சார்ஜரும் மிக்சரும் வெவ்வேறு வழியால் எர்த்தோடு கோத்திருக்கின்றன, அந்த வளையத்துக்குள் 50 ஹேட்ஸ் புகுந்து பாடுகிறது. முதலில் ஐபேட், ஹப், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்றிலிருந்து எடுங்கள். போகாவிட்டால் ஐபேட்டையும் ஹப்பையும் பவர் பாங்கில் விடுங்கள். அதுவும் இயலாவிட்டால் ஐபேட்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் டீஐ பெட்டி (சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி) ஒன்றைப் போட்டு, அதன் பக்கத்தில் உள்ள எர்த் லிஃப்ற் சுவிட்சைத் தள்ளுங்கள். சவுண்ட் காரரிடம் அநேகமாக ஒன்று இருக்கும். நிகழ்ச்சி தொடங்குமுன் கேட்டால் தருவார். பிளக்கின் எர்த் முள்ளை முறித்து உறுமலை நிறுத்தச் சொல்லி யாராவது வந்தால் முறிக்க விடவேண்டாம், மைக்கைப் பிடித்திருப்பவருக்குக் கரண்ட் அடிக்கலாம்.